கேசட்டுகள் ஓடும்போதே பிரதி எடுத்துவிட வேண்டும்: வரலாற்றுத் துறை ஒலிப்பதிவு பாதுகாப்புக் குழுவின் வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நம் துறைக்கு இது நல்ல ஆண்டு. வாய்மொழி வரலாறு, அதாவது நேரில் வாழ்ந்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து அறியும் வரலாறு, முதுகலையில் தனித்தாளாகிவிட்டது. ஆலைத் தொழிலாளர் போராட்டம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக வெளியிடலாம் என்று தேர்வாளர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். வாழ்த்திய அனைவருக்கும் நன்றி.

அந்த ஆய்வேட்டின் மிகச் சிறந்த இயல் துறையின் பின்னறையில் உள்ள இரும்பு பீரோவிலிருந்து வந்தது. முன்பிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்த நேர்காணல்கள் அங்கே கேசட்டுகளாகக் கிடக்கின்றன. வேலைநிறுத்தத்தைப் பற்றி நாளிதழில் கிடைத்தது ஒரு சிறு பத்தி. கேசட்டில் ஒரு மூதாட்டி, போராட்ட நிதி எந்த வீட்டுக்கு முதலில் போனது, யார் வாங்க மறுத்தார் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். நடுவில் குழந்தை அழுகிறது, எழுந்து போகிறார், நாடா தன்பாட்டுக்கு ஓடுகிறது. திரும்பி வந்து, விட்ட வீட்டிலிருந்தே தொடர்கிறார்.

எழுத்துப்படிதான் இருக்கிறதே, நாடா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1948-இல் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக வாய்மொழி வரலாற்றுத் திட்டத்திலும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். எழுத்தில் பெயர்த்ததும் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். தயக்கமும் சிரிப்பும் குரல் தாழ்ந்த இடமும் அதோடு போயின. எழுத்துப்படியில் ‘மறுத்தார்’ என்ற சொல் இருக்கும். கோபத்தில் மறுத்தாரா, வெட்கத்தில் மறுத்தாரா என்பது குரலில்தான் இருக்கிறது.

நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்து இளகும், ஓட்டினால் கிறீச்சிடும். சில கேசட்டுகளில் அடுத்த சுற்றின் ஒலி மங்கலாகப் படிந்து, பேசுபவர் வாய் திறக்குமுன்பே அவர் குரல் கேட்கிறது. கருவிகளும் அவற்றைப் பழுது பார்ப்பவர்களும் அருகி வருவதால், 2025 வாக்கில் நாடாவிலிருந்து பிரதி எடுக்கும் பணி வழக்கமாக நடப்பதே நின்றுவிடலாம் என்று யுனெஸ்கோ ஆதரவில் 2019-இல் தொடங்கிய திட்டம் ஒன்று எச்சரித்தது. அந்தக் கெடு வந்துவிட்டது.

இதில் குறுக்குவழி இல்லை. ஒரு மணி நேர கேசட்டை ஒழுங்காகப் பிரதி எடுக்க ஒரு மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கருவியின் ஒலிமுனையைத் திருத்தி அமைக்க வேண்டும். எனவே நாங்கள் நன்கொடையாகக் கேட்கும் பணத்தின் பெரும்பகுதி ஆள்கூலிக்கே: பிரதி எடுத்து, எழுத்துப்படியைச் சரிபார்க்கும் மாணவர்களுக்கான உதவித்தொகை. இலவசமாகச் செய்யச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. எஞ்சியது, பழுது பார்த்த இரண்டு கேசட் கருவிகளுக்கும் ஒலியை 24 பிட் தரத்தில் டிஜிட்டல் கோப்பாக மாற்றும் கருவிக்கும் சேமிப்பு வட்டுகளுக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றப் போவதில்லை. பேசியவரோ குடும்பத்தாரோ இசைந்த பதிவுகள் மட்டுமே பொதுவில் வரும்; மற்றவை ஆய்வு அறையில் கேட்க மட்டும்.

ஒரு கேசட்டின் முழுச் செலவையும் ஒருவரே ஏற்கலாம், நண்பர்கள் சேர்ந்தும் ஏற்கலாம். எந்தத் தொகையும் சிறிதல்ல. நன்கொடையைத் துறை அலுவலகத்தில் செலுத்தி, பல்கலைக்கழக முத்திரையிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் எவர் கையிலும் பணம் தர வேண்டாம், குழு உறுப்பினர்களிடமும்கூட. வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஓடும் நிலையில் கேசட் கருவி வைத்திருப்பவர்கள் அதையே கொடுத்தாலும் மகிழ்ச்சி.

இங்ஙனம்,
ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் அடங்கிய
ஒலிப்பதிவு பாதுகாப்புக் குழு, வரலாற்றுத் துறை