25–22: சான் ஹோசேயில் இருக்கும் மகனுக்கு

கான்சஸ் சிட்டி
பிப்ரவரி 12, 2024

அன்புள்ள தம்பிக்கு,

ஜெயித்துவிட்டோம், நம் சீஃப்ஸ் அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்துவிட்டது! நேற்று ராத்திரி போனில் என்னால் பேச முடியவில்லை, கத்தத்தான் முடிந்தது. இன்றைக்குத்தான் தொண்டை கொஞ்சம் தேறியிருக்கிறது. நீ கேட்டதற்குப் பதிலை எழுதியே அனுப்புகிறேன்.

உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் எல்லாரும் எதிரணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பக்கம். 19–19 என்று சமமானதால் வந்த கூடுதல் நேரத்தின் (ஓவர்டைம்) டாஸில் ஜெயித்த அவர்கள் கோச் ஷனஹன் பந்தை முதலில் வாங்கியதால்தான் தோற்றோம் என்று அவர்கள் அடித்துச் சொல்வதாக எழுதியிருந்தாய். அது பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பையனும் இதைப் படிப்பான் என்றாய் அல்லவா, அவனுக்காக முதலில் அடிப்படை. 10 யார்ட் முன்னேற நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நாலுக்குள் 10 யார்ட் போய்விட்டால் மறுபடி நாலு கிடைக்கும். மூன்று டவுனில் முடியாவிட்டால் வழக்கமாகப் பந்தை உதைத்து எதிரணிக்குத் தூரமாகத் தள்ளிவிடுவார்கள், அது பன்ட். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 பாயிண்ட். பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோனால் டச்டவுன், அதற்கு 6, அதன்பின் உதைக்கும் எக்ஸ்ட்ரா பாயிண்ட்டுக்கு 1. அந்த உதைக்குப் பதிலாக 2 யார்ட் கோட்டிலிருந்து இன்னொரு முறை உள்ளே கொண்டுபோனால் 2. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நேற்றைய ஓவர்டைம் விதி இதற்கு முன் எந்த ஆட்டத்திலும் ஓடியதில்லை. 2022 மார்ச்சில் சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்களான பிளேஆஃபுக்கு மட்டும் கொண்டுவந்தார்கள். அதுவரை முதலில் பந்து வாங்கிய அணி டச்டவுன் போட்டுவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது, எதிரணி பந்தைத் தொடவே முடியாது. 2010 முதல் 2021 சீசன் வரை பிளேஆஃபில் 12 ஆட்டங்கள் ஓவர்டைமுக்குப் போயின. டாஸ் ஜெயித்தவர்கள் 10 முறை ஜெயித்தார்கள், அதில் 7 முறை முதல் டிரைவிலேயே, அதாவது பந்து கைக்கு வந்த முதல் முறையிலேயே, டச்டவுன். கிட்டத்தட்ட நாணயமே ஆட்டத்தைத் தீர்மானித்தது.

நம் ஆட்கள் அந்த விதியின் எல்லா முகத்தையும் பார்த்தவர்கள். 2019 ஜனவரியில் நம் ஆரோஹெட் மைதானத்திலேயே பேட்ரியாட்ஸிடம் 37–31 தோற்றோம். டாஸ் அவர்களுக்கு விழுந்தது, பந்தை எறியும் நம் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு அணிக்கும் பந்து கொடுக்கச் சொல்லி நம் கிளப்பே விதி மாற்றம் கேட்டது, அப்போது நடக்கவில்லை. 2022 ஜனவரியில் பஃபலோவுக்கு எதிராக 13 விநாடி மிச்சமிருக்கும்போது பந்தை வாங்கிச் சமன் செய்தோம். டாஸும் நமக்கே விழுந்தது, நம் கெல்சி டச்டவுன், 42–36. பாவம், பஃபலோ குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்குப் பந்தே கிடைக்கவில்லை. அந்த ஆட்டம்தான் விதியை மாற்ற வைத்தது. ஆனால் அதற்கு அடுத்த வாரமே சின்சினாட்டியுடன் டாஸ் ஜெயித்து, பந்தை வாங்கி, எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்ளும் இன்டர்செப்ஷன் கொடுத்து, 27–24 தோற்றோம். பந்தை முதலில் வாங்கினால் கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று யாராவது நினைத்தால், அந்த நாளையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

புதிய விதிப்படி இரண்டு அணிக்கும் தலா ஒரு முறை பந்து உண்டு, முதல் அணி டச்டவுன் போட்டாலும் சரி. (சேஃப்டி போன்ற அபூர்வங்களை விட்டுவிடு.) அதற்குப் பிறகும் சமமாக இருந்தால், அடுத்து யார் பாயிண்ட் எடுக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். இதில் இரண்டு கட்சி உண்டு. முதலில் வாங்கினால், இருவரும் ஒரே மாதிரி எடுத்திருக்கும் பட்சத்தில் மூன்றாவது முறை பந்து உனக்கு வரும், அப்போது ஒரு ஃபீல்ட் கோல் போதும். ஷனஹன் சொன்ன காரணம் இதுதான். இதில் தர்க்கம் இல்லாமல் இல்லை. அவருடைய டிஃபென்ஸ், அதாவது தடுக்கும் ஆட்கள், அப்போதுதான் 11 பிளே (ஒவ்வொரு முறை பந்து நகர்வதும் ஒரு பிளே) ஓடிக் களைத்திருந்தது, அதற்கும் கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவதாக வாங்குபவருக்கு என்ன தேவை என்பது முன்கூட்டியே தெரியும். எனக்கு இந்தக் கட்சிதான் சரி என்று படுகிறது. எதிரணி 3 எடுத்திருந்தால், சமன் செய்யும் தூரத்துக்கு வரும் வரை நீ பன்ட் செய்யப் போவதில்லை, ஆக நாலு டவுனும் உனக்குத்தான். 10 யார்டுக்கு மூன்று வாய்ப்பு வேறு, நாலு வாய்ப்பு வேறு. எதிரணி 7 எடுத்திருந்தால் நீயும் டச்டவுன் போட்டுவிட்டு, ஒன்றுக்கு உதைக்காமல் இரண்டுக்குப் போய் அங்கேயே ஆட்டத்தை முடித்துவிடலாம். 2 பாயிண்ட் முயற்சி ஏறக்குறைய பாதிக்குப் பாதி பலிக்கும், மூன்றாவது டிரைவை மஹோம்ஸ் போன்ற ஒருவர் எதிரணியில் இருக்கும்போது அவர்களிடம் விடுவதைவிட அது மேல். நம் ஆட்களின் திட்டம் அதுவே. நம் டிஃபென்ஸ் ஆட்கள் ஜஸ்டின் ரீடும் கிறிஸ் ஜோன்ஸும் ஆட்டம் முடிந்ததும் சொன்னார்கள்: கோடைகாலப் பயிற்சி முகாமிலிருந்தே இந்த விதியைப் பேசிப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் சில ஆட்டக்காரர்களுக்கு விதி மாறியதே அப்போதுதான் தெரிந்ததாம். எனக்கு நெஞ்சு நிமிர்வது இந்த இடத்தில்தான், தம்பி. யாரோ ஜூலை வெயிலில் உட்கார்ந்து, பிப்ரவரியில் வந்தாலும் வராமலும் போகக்கூடிய ஒரு கால்மணி நேரத்துக்காக விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார்கள்.

ஆனாலும் டாஸ் தோற்கடித்தது என்று நான் சொல்லமாட்டேன். நைனர்ஸ் தங்கள் 25 யார்ட் கோட்டிலிருந்து 13 பிளேயில் 66 யார்ட் வந்தார்கள், நடுவில் நம் டிஃபெண்டர் மெக்டஃபி ஆளைப் பிடித்ததற்கான ஹோல்டிங் பெனால்டி அவர்களுக்கு உயிர் கொடுத்தது. நம் 9 யார்ட் கோட்டில் மூன்றாவது டவுன், 4 யார்ட் தேவை. அந்தப் பிளேயைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். பந்து நகர்ந்ததும் அவர்களுடைய வலப்பக்க லைனைக் கவனி. யார் யாரைத் தடுப்பது என்பதில் குழப்பம். விளைவு, இந்த லீகிலேயே மிகவும் பயப்பட வேண்டிய ஆளான கிறிஸ் ஜோன்ஸை யாருமே தொடவில்லை. அவர்கள் குவார்ட்டர்பேக் பர்டிக்குக் காலூன்ற நேரமில்லை, எறிந்த பந்து வீணாயிற்று. அடுத்தது 27 யார்ட் ஃபீல்ட் கோல், 22–19. அங்கே டச்டவுன் விழுந்திருந்தால் இன்று உன் வீட்டுப் பையன்கள் டாஸ் முடிவைப் புகழ்ந்திருப்பார்கள். நாலாவது டவுனில் துணிந்து போயிருக்கலாமே என்றால், போகலாம்தான். தனக்கு எத்தனை தேவைப்படும் என்று தெரியாத நிலையில் கையிலிருக்கும் மூன்றை விட எந்தக் கோச்சுக்கும் மனம் வராது. முதலில் ஆடுவதன் விலையே அதுதான்.

நம் முறை வந்தபோது கடிகாரத்தில் 7:22. எங்கள் 34 யார்ட் கோட்டில் நாலாவது டவுன், ஒரு யார்ட். வழக்கமான நேரத்தில், அதுவும் சொந்தப் பாதியில், பல கோச்சுகள் பன்ட் செய்வார்கள். இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. மஹோம்ஸ் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடி 8 யார்ட். பிற்பாடு மூன்றாவது டவுனில் ஒரு யார்ட் தேவைப்பட்டபோது மறுபடி ஓடினார், 19 யார்ட், நேராக அவர்களுடைய 13-க்கு. எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை மறிக்க அவர்கள் டிஃபென்ஸில் எல்லாரும் பின்னால் போய்விட, நடுவில் விழுந்த வெற்றிடத்தில் புகுந்தார். ஆட்டம் முழுக்க அவர் ஓடியது 66 யார்ட், அதில் இந்த இரண்டு ஓட்டமே 27.

கெல்சி 3 யார்ட் கோட்டில் விழுந்தபோது கடிகாரத்தில் சொற்ப விநாடிகள். நீ "டைம் அவுட் எடுக்கச் சொல்லும்மா" என்று கத்தினாய். எடுக்கத் தேவையே இல்லை. பிளேஆஃப் ஓவர்டைமில் ஒரு 15 நிமிடம் முடிந்தால், முதல் குவார்ட்டர் முடிந்து இரண்டாவது தொடங்குவதுபோலத்தான். பக்கம் மாறி, அதே டவுன், அதே இடத்திலிருந்து ஆடலாம். கடிகாரம் தீர்ந்திருந்தாலும் தோற்றிருக்கமாட்டோம். அது தெரிந்ததால்தான் மஹோம்ஸ் அவ்வளவு நிதானமாக இருந்தார்.

அப்புறம் அந்தப் பிளே. பெயர் டாம் அண்ட் ஜெர்ரி. போன வருடம் ஈகிள்ஸை 38–35 ஜெயித்த சூப்பர் பவுலில் கார்ன் டாக் என்று ஒன்று ஆடினோமே, அதன் தம்பி. வலது ஓரத்தில் நிற்கும் நம் ரிசீவர் ஹார்ட்மன், பந்து நகரும் முன் உள்பக்கம் ஓடி வருகிறார். குறுக்கே ஓடிப் பந்தை வாங்கப் போகிறார் என்று டிஃபென்ஸ் நினைத்து அவரோடு உள்ளே சாய்கிறது. அதே கணம் அவர் காலை ஊன்றித் திரும்பி வெளியே ஓடுகிறார். இந்த மைதானத்தில் வேகமாக ஓடும் ஒருவனைத் திசைமாறி விரட்ட எந்த டிஃபெண்டராலும் முடியாது. மஹோம்ஸ் வலப்பக்கம் நகர்ந்து மெல்லத் தட்டிவிட்டார், பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. 3 விநாடி மிச்சம். அந்த ஹார்ட்மன் அக்டோபர் வரை நியூயார்க் ஜெட்ஸில் இருந்தவர், திருப்பி வாங்கி வந்தோம்.

ஓவர்டைமைப் பற்றி மட்டும் பேசினால் ஆட்டத்தின் உயிர்நாடியை விட்டுவிடுவோம். முதல் பாதி முடிவில் 10–3 என்று பின்தங்கியிருந்தோம், நம் பச்சேகோ பந்தைக் கைநழுவ விட்ட ஃபம்பிள், பிறகு மஹோம்ஸ் இன்டர்செப்ஷன் என்று எதுவும் ஓடவில்லை. நம் கிக்கர் பட்கரின் 57 யார்ட் ஃபீல்ட் கோல், சூப்பர் பவுல் சாதனை அது, 10–6 ஆக்கியது. திருப்பியது ஒரு பன்ட். நம் பன்ட் தரையில் குதித்து, தடுக்கப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்த நைனர்ஸின் டேரல் லூட்டரின் காலில் பட்டது. அவர் பார்க்கவே இல்லை. வாங்கும் அணியின் ஆள்மீது பட்டுவிட்டால் பந்து யாருக்கும் சொந்தம். இதற்காகத்தான் பன்ட் பிடிப்பவர், பந்தை விடப்போகிறேன் என்றால் "பாய்சன், பாய்சன்" போல் ஒரு சொல்லைக் கத்தித் தன் ஆட்களை விலக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். பட்ட பிறகும் ஒரு வழி இருந்தது, அப்படியே அதன்மேல் விழுந்துவிடுவது. அவர்களுடைய மெக்லவுட் குனிந்து அள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தார், நழுவியது. நம் ஜேலன் வாட்சன் அவர்களுடைய 16 யார்ட் கோட்டில் அமுக்கிப் பிடித்தார். அடுத்த பிளேயே நம் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் கையில் டச்டவுன், 13–10.

நாலாவது குவார்ட்டரில் அவர்கள் டச்டவுன் போட்டு 16–13. அவர்கள் கிக்கர் ஜேக் மூடியின் எக்ஸ்ட்ரா பாயிண்ட்டை நம் லியோ செனால் லைனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கையை உயர்த்தித் தடுத்தார். 33 யார்ட் உதை, யாரும் இரண்டாம் முறை யோசிக்காத உதை. அது உள்ளே போயிருந்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் 20–16 என்று நின்றிருக்கலாம், 19–19 ஆக்கிய பட்கரின் கடைசி ஃபீல்ட் கோல் எங்களுக்குப் போதியிருக்காது. (ஸ்கோர் மாறினால் முடிவுகளும் மாறும், அதனால் அப்படியே கழித்துக் கணக்குப் போட முடியாது. ஆனாலும் அந்தக் கை இல்லாமல் ஓவர்டைமே இல்லை என்பதுதான் என் நம்பிக்கை.)

இன்னொன்று, 19–16 ஆவதற்கு முன் நம் 35 யார்ட் கோட்டில் அவர்களுக்கு மூன்றாவது டவுன், 5 யார்ட். அதை எடுத்திருந்தால் கடிகாரத்தைக் கரைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நம் டிஃபென்ஸ் கோச் ஸ்பக்னோலோ, குவார்ட்டர்பேக் மேல் பாயும் பிளிட்ஸுக்கு மெக்டஃபியை அனுப்பினார், தடையே இல்லாமல் வந்து பர்டியின் பாஸைக் கெடுத்தார். இந்த மூன்றாவது டவுன் இரண்டிலும் ஒரே கதை: தொடப்படாத ஆள் ஒருவன். டாஸ் பற்றி உன் பையன்கள் பேசினால், இந்த இரண்டையும் காட்டு.

ஆனால் மென்மையாகக் காட்டு. அவர்கள் அணி நன்றாக ஆடியது. அவர்கள் டிஃபெண்டர் ட்ரே கிரீன்லா இரண்டாவது குவார்ட்டரில் மைதானத்துக்குள் ஓடிவரும்போதே குதிகால் தசைநாண் (அக்கிலீஸ்) கிழிந்து விழுந்தார், யாரும் தொடவில்லை. அதைப் பார்க்க எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அவர் நின்றிருந்தால் நடுவில் கெல்சிக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது. அதை நீயாகவே அவர்களிடம் சொல், நம் ஆள் சொன்னால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

கடைசியாக ஒன்று, குழம்பிவிடாதே. 2024 செப்டம்பரில் தொடங்கும் வழக்கமான சீசனில் இந்த விதி செல்லாது. அந்தச் சீசனில் ஓவர்டைம் 10 நிமிடம்தான், முதல் அணி டச்டவுன் போட்டால் முடிந்தது, சமமாகவே நின்றால் டை. ஆகவே அந்தச் சீசனில் டாஸ் ஜெயித்தவர் பந்தை வாங்குவது சரிதான், அதற்காக யாரையும் திட்டாதே.

சாப்பிடு. ராத்திரி கண் விழித்தது போதும், இன்று சீக்கிரம் தூங்கு.

அன்புடன்,
அம்மா