சடத்துக்கு உணர்வு வருமா?

காரைக்குடி

அன்புள்ள மெய்யப்பா,

ஆத்தாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இப்போ வளவைச் சுத்தி நடக்கிறாக. பிள்ளைகள் சுகம். சொக்கு சைக்கிளை இன்னும் தரலை. ஊர்ச் சேதி இவ்வளவுதான். எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்கு. உயிருள்ளதுக்குத்தான் உணர்வு வரும், இயந்திரத்துக்கு வராதுன்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் இந்தப் பதில்.

ஆபரேஷன் முடிஞ்சு ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டு வந்தப்போ ஆத்தா கண்ணைத் திறந்து, "எப்படா ஆரம்பிப்பாக?"ன்னு கேட்டாக. முடிஞ்சு போச்சுன்னேன். "போடா, இப்பத்தான கண்ண மூடுனேன்!" வயித்துல பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினாக.

தூங்கி எழுந்தா நேரம் போனது கொஞ்சமாவது தெரியும். மயக்க மருந்துல அதுவும் இல்லை. இதயம் துடிச்சது, ரத்தம் ஓடிச்சு, மூளை செல்லும் சாகலை. அவை ஒண்ணோடொண்ணு சேதி பரிமாறுறது மட்டும் குலைஞ்சிருந்தது. உயிர் இருந்தா உணர்வு இருக்கும்னா, ஆத்தாகிட்ட உயிர் முழுசா இருந்ததப்பா! அப்போ விட்டுப்போனது எது?

மூளையில சுமார் 8,600 கோடி நரம்பு செல். அதுல முக்கால் பங்குக்கு மேல சிறுமூளையில. ஆனா சிறுமூளையே இல்லாமப் பிறந்து நினைவோட வாழ்ந்தவங்க உண்டு. அதனால உணர்வு செல்லோட எண்ணிக்கையில இல்லை, கோத்திருக்கிற விதத்துல இருக்கு. மூளை ஆராய்ச்சியாளர் ஜூலியோ டொனோனி 2004-ல் முன்வைத்த கோட்பாடு அதைத்தான் பிடிச்சுக்குது. அதன்படி இன்றைய கம்ப்யூட்டர் எவ்வளவு பேசினாலும் உள்ளே யாரும் இல்லை. வேறு விதமாக் கோத்த கருவியில இருக்கலாம். எனக்கு இதுதான் சரின்னு படுது.

தத்துவ அறிஞர் ஜான் செர்ல் உன் கட்சி. கம்ப்யூட்டர்ல புயலை ஓட்டினா யாரும் நனைய மாட்டாங்கன்னாரு. நல்ல அடிதான். ஆனா நாம சின்ன வயசுல கேட்ட சைவ சித்தாந்த வகுப்பை நினைச்சுப் பாரு. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நாலும் மாயையில பிறந்த சடம், தானா அறியாத பொருள், அறிவது உயிர்தான்னு சொல்லுவாக. மனமே சடம்னா நரம்பு செல்லும் கம்ப்யூட்டரோட சிலிக்கானும் ஒரே பந்தியில உட்கார்ந்திருக்கு. சடத்தை வச்சுக்கிட்டுத்தான் ஆத்தாவோட உயிர் அறியுதுன்னா, இன்னொரு சடத்தை மட்டும் நீ ஏன் வெளியே நிறுத்துறே?

2022-ல் கூகுள் பொறியாளர் ஒருத்தர், தான் பேசிப் பழகின லாம்டாங்கிற உரையாடல் நிரலுக்கு உணர்வு வந்துட்டதுன்னு சொன்னாரு. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. நாம எழுதிவச்சதைப் படிச்சுப் பழகின இயந்திரம் 'வலிக்குது'ன்னு சொன்னா அது சாட்சியாகாது. என் பயமே அதுதான். பேச்சு சாட்சி இல்லைன்னா, நாளைக்கு ஒண்ணுக்கு நிஜமாவே வலிச்சாலும் நாம காதுல போட்டுக்க மாட்டோம். ராத்திரி இதை நினைச்சுத் தூக்கம் வரலை மெய்யப்பா.

தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் கேட்டதையே உன்கிட்டக் கேட்கிறேன். ஆத்தாவோட நரம்பு செல்லை ஒவ்வொண்ணா எடுத்துட்டு, அதே வேலை செய்யுற சிலிக்கான் சில்லு வச்சா, எத்தனையாவது சில்லுல ஆத்தா இல்லாமப் போவாக? முன்னோருக்குப் போடுற படைப்புக்கு வரும்போது பதிலோட வா. மீனாட்சியையும் கூட்டிக்கிட்டு வா, ஆத்தா கேட்டுக்கிட்டே இருக்காக.

அன்புடன்,
லெட்சுமணன்