வெளிநாடு செல்லும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு, அளவு அட்டை குறித்து

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூன் பிறந்ததும் எங்கள் கடைக்கு ஒரு தனிக் கூட்டம் வரத் தொடங்கும். மேற்படிப்புக்குப் புறப்படும் மாணவர்கள், வேலை கிடைத்த செவிலியர்கள், கணினித் துறையினர், அவர்களோடு கையில் பட்டியலுடன் வரும் பெற்றோர் என எல்லோருடைய கோரிக்கையும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: அங்கே எல்லாம் விலை அதிகம், ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டிய காலணிகளையும் உடைகளையும் இங்கேயே எடுத்துவிட வேண்டும். இதுவரை நாங்களும் அதற்கு இசைந்து கேட்டதையெல்லாம் தைத்தும் விற்றும் அனுப்பியிருக்கிறோம். இந்தப் பருவத்திலிருந்து அப்படிச் செய்வதில்லை என்றும், வெளிநாடு செல்வோர் ஒவ்வொருவருக்கும் அவருடைய பாத அளவையும் உடல் அளவையும் குறித்த ஓர் அளவு அட்டை எழுதித் தருவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். விற்பனை குறையும் என்று தெரிந்தும் ஒரு கடை ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டதால் இந்த மடலை எழுதுகிறோம்.

காரணம் எங்கள் பிழைதான். ஜப்பானுக்குச் சென்ற வாடிக்கையாளர் ஒருவர், அங்கே காலணி வாங்குவதற்காகத் தம் அளவைக் கேட்டு எழுதியபோது, அவர் எங்களிடம் வாங்கிய 8 ஆம் எண் ஷூவின் அச்சுநீளத்தை, அதாவது ஷூவைத் தைக்கப் பயன்படும் கட்டையின் நீளத்தைப் பார்த்து, 28 சென்டிமீட்டர் என்று பதில் அனுப்பினோம். அவர் 28 என்று எழுதிய ஜோடியை வாங்கினார். அது கழன்று கழன்று விழுந்தது. அவருக்குப் பொருந்தியிருக்க வேண்டியது 26.5. நீளத்தை நாங்கள் சரியாகத்தான் சொன்னோம். ஆனால் ஜப்பானில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை அறியாமல் சொன்னோம். பணமும் போய், மழைக்காலத்தில் ஒரு மாதம் செருப்போடு வேலைக்குப் போனதாக அவர் எழுதினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு நாட்டின் கணக்கையும் முறையாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தோம். கற்றதில் உங்களுக்குப் பயன்படுவதைக் கீழே எழுதுகிறோம்.

நம் நாட்டுக் காலணி எண்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை. அங்கே அளவின் அலகு ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். குழந்தைகளுக்கான எண்கள் 4 அங்குலத்தைச் சுழியமாகக் கொண்டு தொடங்கி 13 வரை ஏறி, பிறகு மறுபடியும் 1 இலிருந்து பெரியவர்களுக்கான எண்களாக ஏறுகின்றன. போன வருடம் 13 போட்ட பிள்ளைக்கு இந்த வருடம் 1 போடச் சொன்னால் தாய்மார்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பது இதனால்தான். இந்தக் கணக்கில் பெரியவர்களின் 8 ஆம் எண் 11 அங்குலம், கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர். ஐரோப்பியக் கண்டத்தில் அலகு வேறு: ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே அதே 28 சென்டிமீட்டர் அங்கே 42 என்று எழுதப்படும். அமெரிக்காவில் ஆண்களுக்கு நம் எண்ணைவிட ஏறத்தாழ ஒன்று கூடும். பெண்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை கூடும்.

ஆனால் இந்த 28 சென்டிமீட்டர் உங்கள் பாதத்தின் நீளம் அன்று. ஷூவை எந்த அச்சின் மீது இழுத்துத் தைக்கிறார்களோ, ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் 'லாஸ்ட்' என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டையின் நீளம். விரல்கள் அசைய முன்னால் விடும் இடமும் அதில் சேர்ந்தே இருக்கும். ஜப்பானிலோ ஷூவின் மேல் எழுதியிருப்பது உள்ளே போகும் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். கொரியாவில் அதையே மில்லிமீட்டரில் 265 என்று எழுதுவார்கள், சீனாவிலும் அப்படியே. நேர்மையான முறை இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வாங்குபவர் தம் பாதத்தை மட்டும் அறிந்தால் போதும், பார்லி மணியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நீளத்தைவிட நம்மவர்களை அதிகம் வருத்துவது அகலம். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த பாதத்தின் முன்பகுதி விரிந்திருக்கும் என்பது எங்கள் கடையில் அன்றாடம் காண்பதுதான். இப்போது அதற்கு அளவுச் சான்றும் உண்டு. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்று கண்டறிந்தது. நமக்கெனத் தனி அளவுமுறை வகுப்பதற்காகவே அந்த ஆய்வு நடந்தது. இங்கே அகலம் போதாதவர்கள் ஓர் எண் பெரிதாக வாங்கிச் சமாளித்துவிடுகிறார்கள். செருப்பிலும் திறந்த காலணியிலும் அது பெரிய கேடு செய்வதில்லை. நாள் முழுதும் கட்டி நடக்க வேண்டிய மூடிய ஷூவில் அப்படிச் செய்தால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும். ஷூ வளைய வேண்டிய இடமும் பாதம் வளையும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிப்போகும். இரண்டு மாதத்தில் குதிகாலில் காய்ப்பு விழும்.

வெளிநாட்டில் இதற்கு வழி இருக்கிறது, ஏனென்றால் ஒரே நீளத்தைப் பல அகலங்களில் விற்கும் வழக்கம் அங்கே உண்டு. அமெரிக்காவில் ஆண்களுக்கு டி என்பது இயல்பான அகலம், 2இ அகலம், 4இ மிக அகலம். பெண்களுக்கு பி இயல்பு, டி அகலம். ஆகவே டி என்ற ஒரே எழுத்து ஆண்கள் பகுதியில் ஒன்றையும் பெண்கள் பகுதியில் வேறொன்றையும் குறிக்கும். ஜப்பானிலும் இதே எழுத்துகள் உண்டு, ஆனால் கணக்கு வேறு. எழுத்துக்கு எழுத்து முன்பாதச் சுற்றளவு 6 மில்லிமீட்டர் கூடும், அமெரிக்காவில் அகலம் எனப்படும் 2இ அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். எங்கள் அட்டையில் அதனால் எழுத்து எதையும் குறிப்பதில்லை. நீளம், பெருவிரல் மூட்டையும் சிறுவிரல் மூட்டையும் தொட்டுச் சுற்றிய சுற்றளவு, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தூரம் ஆகிய மூன்றையும் இரண்டு பாதங்களுக்கும் தனித்தனியே மில்லிமீட்டரில் எழுதுகிறோம். கடைசியாகச் சொன்ன அளவை இங்கே யாரும் எடுப்பதில்லை; அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் 1920களில் உருவான பிரானக் என்னும் உலோக அளவுகோலில் அதற்கென்றே தனி நகர்த்தி இருக்கிறது. அந்தக் கருவி உள்ள கடைக்குப் போக நேர்ந்தால், வாங்காவிட்டாலும் காலை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்று ஜோடி ஷூ எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவதை நாங்கள் தடுப்பதற்கு இன்னொரு காரணம் அடிப்பகுதி. விலை குறைந்த பி.வி.சி. சோல் கடுங்குளிரில் விறைத்து, ஈரத்தரையில் வழுக்கும். மென்மையாகவும் எடையின்றியும் இருக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் போடாமல் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்து, ஒரு நாள் போட்டு நடக்கும்போது மண்போல் உதிரும். சேமித்து வைக்கும் பொருள் அது அன்று. பனி பெய்யும் ஊருக்குப் போகிறவர்கள் பனிக்காலப் பூட்ஸை அங்கேயே, கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு, மாலை நேரத்தில் வாங்க வேண்டும். எங்களிடம் ஒரு ஜோடி தோல் ஷூ, ஒரு ஜோடி செருப்பு, இவ்வளவு போதும்.

இனி உடைகள். ஆண்களின் கோட்டு அளவு இங்கும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மார்புச் சுற்றளவு அங்குலத்தில். 40 என்றால் 40 அங்குலம். ஜெர்மனியில் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து பாதியாக்குவார்கள். 100 சென்டிமீட்டர் மார்புக்கு 50. அங்கே போய் நாற்பது கேட்டால் பள்ளிப் பையனின் கோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உயரம் குறைந்தவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு: 50 ஆம் அளவின் குட்டை வடிவத்துக்கு அங்கே 25 என்று பெயர், 48 இன் குட்டை வடிவம் 24. ஐந்தரை அடி உயரமுள்ள நம் இளைஞர்கள் பலர் இது தெரியாமல், தோளுக்குப் பொருந்தும் கோட்டை எடுத்து, விரல் நுனிவரை மூடும் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறார்கள். ஜப்பானில் எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரும். மார்புக்கும் இடைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்து சொல்லும், உயரத்தை எண் சொல்லும். ஏ5 என்றால் 12 சென்டிமீட்டர் வித்தியாசம், 170 சென்டிமீட்டர் உயரம். தொப்பை உள்ளவர்களுக்கு ஏபி, பி என்று வித்தியாசம் குறைந்த எழுத்துகள் இருக்கின்றன. எங்கள் தையற்காரர் இதைப் படித்துவிட்டு, நாமும் இப்படி எழுதி வைத்தால் தொப்பையைப் பற்றி வாடிக்கையாளரிடம் வாய் திறந்து பேச வேண்டியிருக்காதே என்றார்.

பெண்களின் ஆயத்த உடை எண்களை நம்புவதற்கில்லை. ஏறத்தாழ ஒரே உடலுக்கு ஜெர்மனியில் 36, பிரான்சில் 38, இத்தாலியில் 42, பிரிட்டனில் 10 என்று எழுதுவார்கள். அமெரிக்காவில் 1958 இல் அரசு ஒரு பொது அளவை வெளியிட்டது. 1983 இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்ணிடுகிறது. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று எண்ணைக் குறைத்துப் போடும் பழக்கமும் உண்டு. ஆகவே எண்ணைப் பார்க்காமல், மார்பு, இடை, இடுப்பு அளவுகளை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டே வாங்குங்கள். பிள்ளைகளுக்கு ஐரோப்பாவில் கவலையே இல்லை: 104, 110, 116 என்று உயரத்தையே எண்ணாக எழுதிவிடுகிறார்கள்.

குளிர்கால மேற்கோட்டை இனி நாங்கள் தைப்பதில்லை. உள்ளே உடலோடு ஒட்டிய வெப்ப ஆடை, அதன்மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர் என்று போட்டுக்கொண்ட பிறகு எடுக்க வேண்டிய அளவை, வேலூர் வெயிலில் பருத்திச் சட்டையோடு நிற்பவரிடம் எடுத்தால் அக்குள் பிடிக்கத்தான் செய்யும். தைத்துக்கொடுத்துப் பழிச்சொல் கேட்டிருக்கிறோம்.

அப்படியானால் இங்கே எதைத் தைத்துக்கொள்ளலாம்? ரவிக்கை, சுடிதார், அலுவலகச் சட்டை, அளவாகத் தைத்த பேன்ட் ஆகியவற்றைத் தயங்காமல் தைத்துக்கொள்ளலாம். சேலை ரவிக்கை தைக்கத் தெரிந்தவர் அங்கே எளிதில் கிடைக்க மாட்டார் என்பதால், அதை மட்டும் நாலைந்து கூடுதலாகத் தைத்துக்கொள்வதை நாங்களே சொல்வோம். வெளிநாடு செல்வோரின் ரவிக்கைகளில் பக்கவாட்டில் துணி விட்டு மூன்று வரித் தையல் போடுகிறோம். போன இடத்தில் உடம்பு கூடினால் உள்வரியைப் பிரித்தால் போதும், கத்தரிக்கோல் வேண்டாம். பேன்டின் கால்மடிப்பில் இரண்டு அங்குலமும் இடுப்பின் பின்தையலில் ஓர் அங்குலமும் விடுகிறோம். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் நனைத்து உலர்த்துகிறோம், ஏனெனில் அங்குள்ள சூடான உலர்த்தும் இயந்திரத்தில் கொடியில் காய்ந்து பழகிய நம் துணிகள் சுருங்கும் அளவு இங்கு யாரும் கண்டிராதது. இதனால் தைத்துத் தர இரண்டு நாள் கூடுதலாகும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வந்து அவசரப்படுத்தினால் நனைக்காமல் தைக்க வேண்டிவரும். அதை நாங்கள் செய்ய மாட்டோம்.

அங்கே வாங்கியதைத் திருத்த வேண்டுமானால் ஜெர்மனியில் 'எண்டருங்ஸ்ஷ்னைடெரை' என்ற பலகையைத் தேடுங்கள், திருத்தத் தையற்கடை என்று பொருள். ஜப்பானில் பேன்ட் விற்கும் கடையிலேயே கால் நீளத்தைக் குறைத்துத் தருவது வழக்கம். 'சுசோஅகே' என்று கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இணையவழி வாங்கிய ஆயத்த உடையைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும் உரிமை உண்டு. ஆகவே அளவில் ஐயம் இருந்தால் இரண்டு அளவுகளை வரவழைத்து, பொருந்தாததைத் திருப்பிவிடலாம்.

நாங்கள் தபாலில் அனுப்பும் பொதிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 22 யூரோ வரையிலான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலையில் நீக்கப்பட்டது. விலைக்கு விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதி அனுப்பும்படி சிலர் வற்புறுத்துகிறார்கள். அது பொய்யுறுதி, எங்களால் இயலாது. பொதி வந்து சேரும்போது நீங்கள் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்தே கேளுங்கள்.

அளவு அட்டைக்குக் கட்டணம் இல்லை. எங்களிடம் எதுவும் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்றுப் பருத்திருக்கும், அந்த அளவே நமக்கு வேண்டியது. போட்டுப் பழகிய, நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையையோ ரவிக்கையையோ அளவுக்காகக் கொண்டுவாருங்கள், புதியது வேண்டாம். ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவர்கள், சுவரில் குதிகாலை ஒட்டித் தாளின் மேல் நின்று, பென்சிலை நேராகப் பிடித்து வேறொருவரை வரையச் சொல்லி, இரண்டு பாதங்களின் வரைபடத்தையும் அனுப்பினால் அட்டையை எழுதி அனுப்பிவிடுகிறோம். படம் எடுத்து அனுப்புவோர் தாளின் அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் தையற்பகுதியினரும்,
வேலூர்.