மலிவு இன்டர்கூலரில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் டர்போ பொருத்திய ஸ்போர்ட்ஸ் காருக்கு, அந்தக் காற்றைக் குளிர்விப்பதற்கென்று குறைந்த விலையில் கிடைக்கும் முன்புற இன்டர்கூலரை வீட்டிலேயே மாட்டிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆயினும் அக்கட்டுரை இரண்டு செய்திகளை மிக எளிதாகச் சொல்லிவிட்டது. மாட்டிய உடனே இன்ஜினின் பலம் கூடிவிடும் என்பது ஒன்று. இடம் போதாவிட்டால் பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தை வேண்டிய அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஆபத்தானது. என் பழைய நிசான் சில்வியாவுக்கு இத்தகைய மலிவு செட் ஒன்றை என் கையாலேயே பொருத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

டர்போவின் கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது காற்று சூடாவதைத் தவிர்க்க முடியாது. வெளிக்காற்று 27 டிகிரி செல்சியஸில் இருக்க, அதை 0.7 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 0.7 பார் கூடுதலாக, அழுத்துகிற, 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதிலிருந்து வெளிவரும் காற்று ஏறத்தாழ 97 டிகிரியில் இருக்கும். அதை 48 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்பினால், அதே அழுத்தத்தில் அதே கன அளவுக்குள் ஏறக்குறைய 15 சதவீதம் அதிகக் காற்று அடங்கும். அதைவிட முக்கியமாக, சூடான காற்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் தறிகெட்டு வெடிக்கிற ‘நாக்கிங்’ தொல்லை குறையும். இன்டர்கூலரின் வேலை இவ்வளவுதான். போர்ஷே 911 டர்போ 1975-இல் வெளிவந்தபோது அதில் இன்டர்கூலர் இல்லை. 1978-இல் வந்த 3.3 லிட்டர் வண்டியில்தான் பின்புற இறக்கைக்கு அடியில் அதைச் சேர்த்தார்கள். அந்த இறக்கையின் உருவமே அதற்காக மாறியது.

எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு சமரசம் செய்துகொண்டிருக்கிறது. சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸில் அது இன்ஜினின் தலைமேல் உட்கார்ந்து, பானெட்டில் உள்ள திறப்பின் வழியாகக் காற்று வாங்குகிறது. குழாய்கள் குட்டையானவை, ஆனால் வண்டி நின்றால் கீழிருந்து சூடு ஏறும். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில் தொழிற்சாலையிலேயே முன்னால் வைத்துவிட்டார்கள். சில்வியாவிலோ அது பம்பரின் ஒரு மூலையில், முன்சக்கரத்துக்கு முன்னால் ஒடுங்கிக் கிடக்கும் சிறு பெட்டி. தொழிற்சாலை வைத்த பூஸ்டுக்கு, சாதாரணமாக ஓட்டுபவருக்கு, அந்தப் பெட்டி போதுமானதே. தொடர்ந்து விரட்டும்போதுதான் அது சூட்டில் ஊறிப்போய்த் திணறுகிறது. ஆகவே பூஸ்டைத் தொடாமல் முன்புற இன்டர்கூலரை மட்டும் மாட்டுகிறவர் பெரிய துள்ளலை எதிர்பார்த்தால் ஏமாறுவார். ஐந்தாவது முறை முடுக்கும்போதும் முதல் முறை இருந்த இழுப்பு குறையாமல் இருக்கும், அதுவே அவருக்குக் கிடைக்கும் பயன்.

அந்தப் பயனும் கிடைக்காமல் போகலாம் என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டது. இன்டர்கூலர் காற்றைக் குளிர்வித்தால் மட்டும் போதாது, தடுக்காமலும் விட வேண்டும். காற்றைக் குளிர்விக்கும் நடுப்பகுதியான கோரின் உட்பக்க மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) தாறுமாறாக நெருங்கியிருந்தாலோ, காற்று நுழைந்து வெளியேற இருபுறமும் உள்ள பெட்டியான டேங்க் காற்றை ஒரே மூலைக்குத் தள்ளும்படி கூராக மடித்து வெல்டிங் செய்யப்பட்டிருந்தாலோ, காற்று நுழையும் அழுத்தத்துக்கும் வெளியேறும் அழுத்தத்துக்கும் இடையே பெரிய இறக்கம் ஏற்படும். வழியில் 0.2 பார் தொலைந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்குப் பழைய 0.7 பார் கிடைக்க வேண்டுமானால் டர்போ 0.9 பாருக்கு உழைக்க வேண்டும். முன்பு 97 டிகிரியில் வந்த காற்று இப்போது 113 டிகிரியில் வரும். குளிர்விப்பதற்கென்று வாங்கிய பொருள், குளிர்விக்க வேண்டிய சூட்டைத் தானே கூட்டிக்கொடுக்கிறது. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சிறு குழாய் டர்போவின் வாயிலிலேயே அழுத்தத்தை எடுப்பதாக இருந்தால், டர்போ கூடுதலாக உழைக்காது. இன்ஜினுக்குப் போய்ச் சேரும் பூஸ்ட் குறையும். ஓட்டுபவரோ புதுப் பொருளின் மேல் உள்ள ஆசையில் வண்டி வேகமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

இதனால் மலிவு கோர் எல்லாமே குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. தட்டையான அலுமினியத் தகடுகளையும் பட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி உலையில் ஒட்டவைத்த ‘பார் அண்ட் பிளேட்’ வகைக் கோர், சற்றுக் கனமானாலும், சாலைக் கற்களையும் அழுத்தத்தையும் நன்றாகவே தாங்கும். மலிவுச் செட்டுகளில் பல இந்த வகைதான். என்னுடையதில் முதலில் கண்ட குறை கோரில் இல்லை. அதன் உள்ளே விட்டுவைத்திருந்த கழிவில்தான் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததும், தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கோரைச் செங்குத்தாகப் பிடித்து உள்ளங்கையால் தட்டினேன். முதலில் ஒன்றும் விழவில்லை. கவிழ்த்து மறுபக்கம் தட்டியதும், தேங்காய்த் துருவல் போல் சுருண்ட அலுமினியச் சீவல்களும், கடுகளவு வெல்டிங் உருண்டைகள் ஏழெட்டும் துணியில் உதிர்ந்தன. ஓர் உருண்டையை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. இன்டர்கூலர் டர்போவைத் தாண்டிய பாதையில் இருப்பதால் இடையில் எந்த ஃபில்டரும் கிடையாது. அந்த உருண்டை, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வழியாக நேரே சிலிண்டருக்குள்தான் போயிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, இரு வாயையும் அடைத்துக் குலுக்கி வடித்தேன். நான்காவது முறைதான் எண்ணெய் சுத்தமாக வந்தது. பிறகு ஒரு நாள் முழுவதும் காயவைத்த பின்னரே கையில் எடுத்தேன். விற்றவர்கள் தந்த குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அடுத்தது குழாய்களும் இணைப்புகளும். விலையைக் குறைத்து விற்பவர் முதலில் கைவைக்கும் இடம் இதுதான்; வாங்குபவர் கடைசியாகப் பார்க்கும் இடமும் இதுவே. 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். 0.7 பார் அழுத்தம் அந்தப் பரப்பின் மேல் ஏறக்குறைய 22 கிலோ எடையளவு விசையைச் செலுத்தும். குழாய் வளையும் ஒவ்வோர் இடத்திலும் இந்த விசை இணைப்பைப் பிரிக்கத்தான் பார்க்கும். அதனால்தான் நல்ல குழாயின் முனையில் சுற்றிலும் ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். குழாய்களை இணைக்கும் வளைந்துகொடுக்கும் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் அந்த விளிம்புக்கு உட்புறம் உட்கார்ந்தால் ஹோஸ் நழுவாது. எனக்கு வந்த குழாய்களில் இரண்டின் முனை பாட்டில் கழுத்துப்போல் வழவழப்பாக இருந்தது. கிளாம்பும் திருகாணி வைத்த சாதாரண வகை. இறுக்க இறுக்க அதன் பல்வெட்டுகள் சிலிக்கோன் ஹோஸைக் கத்திபோல் அறுத்தன.

இருந்தும் மாட்டி ஓட்டினேன். மூன்றாவது கியரில் பூஸ்ட் ஏறும் வேளையில் ‘பட்’டென்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை, அடுத்த நொடி இன்ஜின் நின்றுவிட்டது. என் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளக்கும் மீட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைப் பீய்ச்சும்படி கணினி ஆணையிடுகிறது. அளக்கப்பட்ட காற்று வழியில் வெளியேறிவிட்டால், வந்து சேராத காற்றுக்கும் பெட்ரோல் வந்து நிற்கும். முழுதாகக் கழன்ற குழாயாவது சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. மெல்லக் கசியும் இணைப்பு சொல்லாது. வண்டி நிற்கையில் (ஐடிலில்) இன்ஜின் வேகம் ஏறி இறங்கும், எரிபொருள் செலவு கூடும், நாள்பட ஸ்பார்க் பிளக் கருக்கும், மெக்கானிக் வேறு எதையெதையோ மாற்றிக்கொண்டிருப்பார். கடைசியில் அந்த இரு முனைகளிலும் விளிம்பு எழுப்பிக்கொண்டு, எல்லா இடத்திலும் பல்வெட்டு இல்லாத, போல்ட் வைத்து இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் போட்ட பிறகே நிம்மதி வந்தது.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை. டர்போவின் உறிஞ்சும் வாயை ஓர் அடைப்பால் மூடி, அதில் டயருக்குக் காற்றடிக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தி, தாம் ஓட்டும் பூஸ்டைத் தாண்டாத அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினால் போதும். அடைப்புக்கு நேர் எதிரே மட்டும் முகத்தை நீட்டக் கூடாது. என் வண்டியில் நான் சந்தேகப்பட்ட இணைப்புகள் எல்லாம் கசியாமல் இருந்தன. ஆனால் டேங்கும் கோரும் சேரும் வெல்டிங் கோட்டில், மூலையில், குண்டூசித் தலையளவு குமிழிகள் வரிசையாக வந்து உடைந்துகொண்டிருந்தன. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் அதைக் கண்ணால் கண்டுபிடித்திருக்க முடியாது.

இனி பம்பர் பீம், அதாவது பம்பருக்குப் பின்னால் உள்ள அந்த இரும்புச் சட்டம். முன்புற மோதலின்போது ஒரு மூலையில் விழும் அடியை இரு பக்கத்துச் சேசிஸ் சட்டங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பதற்காகவே அது இருக்கிறது. மூடிய பெட்டிபோல் இருப்பதால்தான் அதற்கு வலு. மூங்கிலை நீளவாக்கில் பிளந்தால் பாதி மூங்கிலின் வலு கூட மிஞ்சாது அல்லவா, அதேபோல், அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்துவிட்டால், முறுக்கைத் தாங்கும் வலு பெரும்பாலும் போய்விடும். அறுத்தவர் கண்ணுக்கோ முக்கால்வாசி இரும்பு அப்படியே இருப்பதாகத் தெரியும். எனக்கு வந்த குறிப்புத்தாளிலும் அறுக்கச் சொல்லித்தான் படம் போட்டிருந்தது. நான் அதைச் செய்யாமல், 76 மில்லிமீட்டர் தடிமனான கோரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 64 மில்லிமீட்டர் தடிமனில், உயரமும் குறைந்த ஒன்றை வாங்கி, அதையும் அதே சோதனைகளுக்கு உட்படுத்திப் பீமுக்குக் கீழே தொங்கவிட்டேன். இழப்பு நினைத்த அளவுக்கு இல்லை. வெளிக்காற்று கோரின் முன்பகுதியைக் கடக்கும்போதே சூடாகிவிடுவதால், பின்பகுதிக்கு வேலை குறைவு. தடிமனைக் கூட்டிக்கொண்டே போவதைவிட முகப்பின் பரப்பு பெரிதாக இருப்பதுதான் பயன் தரும்.

தடிமன் குறைந்ததில் ரேடியேட்டருக்கும் நல்லது. முன்புற இன்டர்கூலர் எதுவானாலும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் முன்னால் நின்று, அவற்றுக்குப் போக வேண்டிய காற்றைத் தடுத்துச் சூடாக்கியே அனுப்பும். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். கோரைச் சுற்றி இடைவெளி விட்டால் ஃபின்களுக்குள் நுழையாமல் ஓரமாக நழுவிப் போய்விடும். அலுமினியத் தகடும் பஞ்சுப் பட்டையும் கொண்டு அந்த இடைவெளிகளை அடைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது அதுதான்.

நீண்ட குழாய்களால் டர்போ தாமதமாக விழிக்கும் என்று கட்டுரை அச்சுறுத்தியிருந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. 63 மில்லிமீட்டர் குழாய் இரண்டு மீட்டர் கூடினால் கூடும் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். 2 லிட்டர் இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 67 லிட்டர் காற்றை விழுங்கும். அந்த 6 லிட்டர் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது இதற்கல்ல.

மாட்டி முடித்த பின் பூஸ்டைக் கூட்டும் ஆசை எழுவது இயல்பு. அதற்கு முன், கோருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை, வெளியேறும் காற்றின் வெப்பநிலை, வெளிக்காற்றின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் முழு பூஸ்டில் அளக்க வேண்டும். 97-இல் நுழைந்து 48-இல் வெளியேற, வெளிக்காற்று 27-இல் இருந்தால், குறையக்கூடிய 70 டிகிரியில் 49 குறைந்திருக்கிறது, அதாவது 70 சதவீதம். இரு முனைகளிலும் அழுத்தமானியை வைத்து இறக்கத்தையும் பார்த்துவிட்டால், வாங்கிய பொருள் மலிவா மட்டமா என்பது அன்றே தெரிந்துவிடும்.

பீமை அறுக்கலாம் என்று அச்சான வரிகளுக்கு மட்டுமாவது தங்கள் வாகனப் பகுதியின் அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படித்துவிட்டு அரத்தோடும் கட்டிங் மெஷினோடும் வண்டிக்குக் கீழே படுக்கப் போகிறவர்களின் கண்ணில் அது முதலில் பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்