நைட் ஷிப்ட் கணக்கில் காணாமல் போகும் நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல், ஷூ கம்பெனிகளில் கைரேகை மெஷின் வைத்துச் சம்பளம் போடும் இடங்களுக்காக இதை எழுதுகிறோம். மெஷின் பெரும்பாலும் நேரத்தைச் சரியாகவே பிடிக்கிறது. அந்த நேரம் போய்ச் சேரும் டேட்டாபேஸில், அதை நொடியாக மாற்றும் ஃபங்ஷனில்தான், அதாவது கணக்குப் போடும் கட்டளையில்தான், கூலி கரைகிறது.

இரவு 10 மணிக்கு உள்ளே வந்தவர் மறுநாள் காலை 6.20க்கு வெளியே போகிறார். 8 மணி 20 நிமிடம், அதாவது 30,000 நொடி. தேதியை விட்டுவிட்டு மணியை மட்டும் சேமித்திருந்தால் கழித்தலில் மைனஸ் 56,400 வரும். ஆகவே உள்ளே, வெளியே இரண்டுக்கும் தேதியோடு சேர்ந்த டைம்ஸ்டாம்ப்தான் வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் கழித்து வரும் இடைவெளியிலிருந்து ‘எபோக்’, அதாவது மொத்த நொடி, கேட்டால் 30,000 கிடைக்கும். ‘செகண்ட்’ என்று கேட்டால் பூஜ்யம்தான். அது மொத்த நொடி அல்ல, நிமிடம் போக மிஞ்சிய நொடி. ‘ஹவர்’ கேட்டால் 8. அந்த 20 நிமிடம் போயே போச்சு. மாதம் 26 நாளுக்கு 520 நிமிடம், 8 மணி 40 நிமிடம்; ஒரு முழு ஷிப்ட்டுக்கும் மேல். உழைத்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு நேரங்களின் இடைவெளியைச் சொல்லும் ‘ஏஜ்’ ஃபங்ஷனையும் இதற்குத் தொடக்கூடாது. அது இடைவெளியை மாதமாகப் பிரிக்கும், எபோக் ஒரு மாதத்தை, அதில் 31 நாள் இருந்தாலும், 30 நாளாகவே எண்ணும்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் இரண்டு நேரங்களை மைனஸ் போட்டுக் கழிப்பதுதான் பெரிய பள்ளம். 9.59க்கும் 10.00க்கும் நடுவே 60 நொடி. கழித்தால் 4100 வரும். 095900, 100000 என்று வெறும் எண்ணாகப் பார்த்துக் கழிப்பதால் வரும் கோளாறு இது. எரர் எதுவும் வராது என்பதால் கண்ணிலும் படாது. டைம்ஸ்டாம்ப்டிஃப் என்ற ஃபங்ஷனில் ‘செகண்ட்’ கொடுத்து வாங்குவதே சரி. அங்கேயும் ‘ஹவர்’ கொடுத்தால் மிச்ச நிமிடத்தை வெட்டிவிடும்.

ட்ரிகரில், அதாவது ஒரு வரி பதிவாகும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கட்டளையில், அடிக்கடி நடப்பது வேறு. உள்ளே வரும் பஞ்ச் இன்சர்ட்டாகவும் (புது வரியாக), வெளியே போகும் பஞ்ச் அதே வரியில் அப்டேட்டாகவும் (திருத்தமாக) பதிவாகும் இடத்தில், இன்சர்ட்டுக்கு மட்டும் ட்ரிகர் எழுதினால் வேலை நேரத்தை நொடியில் வைக்கும் கட்டம் கடைசி வரை காலிதான். ஹெச்ஆர் பின்னால் திருத்திய நேரமும் கணக்கில் ஏறாது. இன்சர்ட், அப்டேட் இரண்டுக்கும், வரி பதிவாகும் முன்பே ஓடும் ‘பிஃபோர்’ ட்ரிகராக எழுதுங்கள். பதிவான பின் ஓடும் ‘ஆஃப்டர்’ ட்ரிகரில் புதிய வரியை மாற்றினால் போஸ்ட்கிரெஸ் சத்தமில்லாமல் விட்டுவிடும், மைஎஸ்க்யூஎல் எரர் கொடுக்கும். வெளியே போன நேரம் இன்னும் வராத வரியில் பூஜ்யம் போடாதீர்கள், காலியாகவே இருக்கட்டும். பூஜ்யம் போட்டால் அது வேலை செய்யாத நாளாகிவிடும்.

டேட்டாபேஸ் ஓடும் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடி, மெஷின் நம்மூர் நேரம் அனுப்பினால் ஐந்தரை மணி, அதாவது 19,800 நொடி இடிக்கும். மெஷின் நேரத்தில் உள்ளே, சர்வர் நேரத்தில் வெளியே என்று பதிந்தால் மேலே சொன்ன 30,000 நொடி 10,200 ஆகிவிடும். இரண்டையும் ஒரே கடிகாரத்திலிருந்து எடுங்கள்.

நொடியாகவே சேமித்து, மாதக் கடைசியில் ஒரே ஒரு முறை 3600ஆல் வகுக்க வேண்டும். நிர்வாகங்கள் சம்பளச் சீட்டில் மணியோடு நிமிடத்தையும் அச்சிட வேண்டும்; ஓ.டி. பார்த்தவர் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ள அது போதும்.

இங்ஙனம்,
டேட்டாபேஸ் பணியில் உள்ள வாசகர்கள்,
காட்பாடி, வேலூர்