குணாவுக்கு: ஃபிஷ் ரிப்போர்ட் வந்துருச்சு

சுங்கை சிப்புட்

மச்சான் குணா,

ஆறு மாசமா போன் எடுக்கல, கோவமா இருப்ப, இரு லா, அப்புறமா திட்டிக்கோ. ஜோகூர் எப்படி, மூட்டு வலி எப்படின்னு எல்லாம் கேட்டதா வச்சுக்கோ.

சாந்திக்கு மார்ல கட்டி. தீபாவளிக்கு முன்னாடியே குளிக்கும்போது கையில தட்டுப்பட்டிருக்கு, என்கிட்ட வாயத் தொறந்தது தைப்பூசம் முடிஞ்சு. ஏன் சொல்லலன்னு கேட்டா, மகன் காவடி எடுக்குறான், அது முடியட்டும்னு இருந்தேன்றா. என்னத்த சொல்ல.

ஊசியில சதை எடுத்து அனுப்புனாங்க, கேன்சர்தான். அதோட ஹெர்2-ன்னு ஒரு டெஸ்ட் வேணும்னாங்க. ஹெர்னா இங்கிலீஷ்ல 'அவ'தானே, பொம்பளைங்க சமாச்சாரம் போலன்னு நானும் தலையாட்டிக்கிட்டு இருந்தேன், டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. ஹியூமன் எபிடெர்மல் குரோத் ஃபேக்டர் ரிசெப்டார் டூ, அதோட சுருக்கமாம். உனக்கும் இருக்கு எனக்கும் இருக்கு. எஸ்ஆர்பி-ல சயின்ஸ் ஃபெயிலானவன் சொல்றேன், கேட்டுக்கோ.

இது செல்லோட மேல்தோல்ல நிக்கிற ஒரு புரோட்டீன். பக்கத்துல இருக்கிற கூட்டாளியோட ஜோடி சேர்ந்தா 'வளரு, ரெண்டாப் பிரி'ன்னு உள்ள சேதி போகும். இதுக்கான ஜீன் 17-ஆவது குரோமோசோம்ல இருக்கு, ஒரு செல்லுக்கு ரெண்டு காப்பி. சில கட்டியில அந்த ஜீன் காப்பி மேல காப்பியா பெருகிடுது, அப்ப ஒரே செல்லு மேல 20 லட்சம் வரைக்கும்கூட இது மொளைச்சு நிக்குமாம். தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கூப்பிட, பெரட்டுக்கு மணி அடிப்பாங்களே, அந்த ஒரு மணிக்கே நீ சட்டைய திருப்பிப் போட்டுக்கிட்டு ஓடுவ, வீட்டுக்கு வீடு மணி கட்டி ராத்திரி பகலா அடிச்சா லயம் என்ன ஆகும்?

சதைக்குச் சாயம் போட்டு, இந்தப் புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு 0-ல இருந்து 3 வரைக்கும் மார்க் போடுறாங்க. 3-ன்னா பாசிடிவ், 0, 1-னா நெகட்டிவ். இவளுக்கு 2. ரெண்டுங்கெட்டான். அதனால ஜீன் எத்தனை காப்பின்னு எண்ணிப் பார்க்க ஃபிஷ்னு இன்னொரு டெஸ்டுக்கு அனுப்பணும். எங்கம்மா காதுல அது விழுந்துருச்சு, டாக்டர் மீன் சாப்பிடச் சொல்லிட்டாருன்னு அன்னிக்கே கெளுத்திக் குழம்பு. ரிசல்ட் வர்ற வரைக்கும் தெனம் மீன்தான்டா.

ஸ்கிரீன்ல படம் காட்டுனாங்க. இருட்டுல நீல உருண்டையா செல்லுங்க. உள்ள பச்சைப் புள்ளி அங்கொண்ணு இங்கொண்ணு, அது அந்த 17-ஆவது குரோமோசோமுக்கு அடையாளம். செவப்புப் புள்ளி, அதான் அந்த ஜீன், கொத்துக் கொத்தா, சீனி டப்பாவுல எறும்பு ஏறுன மாதிரி. செவப்ப பச்சையால வகுத்து 2-ஓ அதுக்கு மேலயோ வந்தா பாசிடிவ்வாம். இவளுக்கு 5-ஐத் தாண்டிருச்சு.

பாசிடிவ்னு சொன்னதும் என் வாயில வந்தது 'அப்பாடா'. சாந்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தா பாரு.

ஏன் அப்படிச் சொன்னேன்னா, முன்னாடி இது ஏறியிருந்தா கெட்ட சகுனம். 1987-லயே ஸ்லாமோன்னு ஒரு அமெரிக்க டாக்டரோட குழு, இந்த ஜீன் பெருகுனவங்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புதுன்னு காட்டிட்டாங்க. ஆனா வெளித்தோல்ல நிக்கிறதால அதையே புடிச்சு அமுக்கலாம்னு ட்ராஸ்டுசுமாப்னு மருந்து வந்துருச்சு. அங்க அனுமதி கெடச்சது 1998 செப்டம்பர். ரிங்கிட்ட 3.80-ல கட்டுன அதே மாசம், நீயும் நானும் காமன்வெல்த் கேம்ஸ் பார்க்க டிவி கடை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தோம். மீனாட்சி அத்தை அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. அவங்களுக்கு யாரு சாயம் போட்டுப் பார்த்தா, கடைசி வரைக்கும் வெத்தலைய அரைச்சுல்ல கட்டுனோம். அந்த வாசனை எனக்கு இன்னும் போகல குணா.

சாந்திக்கு இப்ப அந்த மருந்துதான், மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு வருஷம். ஆரம்பத்துல கீமோவும் சேர்த்து. இருதயத்துச் சதைக்கும் இந்தப் புரோட்டீன் வேணுமாம், அதனால மூணு மாசத்துக்கு ஒருக்கா எக்கோ, இருதயத்த ஸ்கேன் பண்ணிப் பார்க்குறது. மகளுக்கும் வருமான்னு கேட்டேன், இந்தக் காப்பி பெருகுறது கட்டிக்குள்ள நடக்குறது, பொறக்கும்போதே வர்றது இல்லன்னாங்க. அன்னிக்கு ராத்திரிதான் தூங்குனேன்.

காடியில திரும்பி வரும்போது ஈப்போ தாண்டுற வரைக்கும் அவ பேசல. அப்புறம், "உங்களுக்கு ஏதாச்சும் பாசிடிவ் வந்தா சொல்லுங்க, நானும் அப்பாடா சொல்றேன்"னா. இன்னும் அத வச்சே குத்துறா.

சில வயித்துக் கேன்சர்லயும் இது ஏறியிருக்குமாம், அங்கயும் இதே மருந்து தர்றாங்க. பத்து வருஷமா கேஸ்ட்ரிக் கேஸ்ட்ரிக்னு வெள்ளைத் தண்ணி மருந்து குடிக்கிறியே, வயித்துக்குள்ள டியூப் விட்டுப் பார்ப்பாங்களே, அந்த ஸ்கோப் ஒண்ணு பண்ணித் தொலை.

நாலு டோஸ் ஆச்சு, வியாழக்கிழமை அஞ்சாவது. முடி போயிருச்சு, என் லோரி தொப்பிய போட்டுக்கிட்டு திரியுறா. நீ வந்தா ஆறுதல் சொல்றேன்னு மூஞ்சிய தொங்கப் போடாத, அவளுக்குப் புடிக்காது. பழையபடி கோழிக்கறியில உப்பு பத்தலன்னு சொல்லு.

சுப்பு