கஞ்சி வைக்க 58 வயது ஆக வேண்டாம்

அன்புள்ள மக்களே,

நேற்று ராத்திரி போனில் நெஞ்செரிச்சல் என்றாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், பதினொன்றரை மணிக்கு வரவழைத்த பிரியாணி என்கிறாய். பக்கத்தில் அம்மா நின்றதால் நான் அதிகம் பேசவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். கடைசி டிரிப் முடித்துக் களியக்காவிளையில் வண்டியை நிறுத்தினால், அந்த நேரத்துக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடைதான். அப்படியே தின்று தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டுதான் ஓய்வு பெற்றேன். பட்டவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி. உன் அக்காவின் இரண்டாவது பேறுகாலத்துக்கு அம்மா கோயம்புத்தூர் போய் மூன்று மாதம் இருந்தாளே, அப்போதுதான் நான் முதன்முதலாக அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். வயது 58. முதல் நாள் குக்கரில் விளிம்பு வரை தண்ணீர் விட்டுக் கஞ்சி வைத்தேன். விசில் வழியாகக் கஞ்சி பீய்ச்சியடித்து, சுவரில் தொங்கிய காலண்டர் வரை போனது. அம்மா வந்து பார்க்கும் முன் அந்த மாதத் தாளைக் கிழித்துவிட்டேன்.

அதனால் முதல் பாடம்: குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதே. கஞ்சி நுரைத்துப் பொங்கும், விசில் ஓட்டையை அடைக்கும். உனக்கு ஒருவனுக்கு அரை டம்ளர் சம்பா அரிசி போதும். அங்கே மலையாளிகள் நடத்தும் கடையில் மட்டா என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். வேலைக்குப் போகும் முன் கழுவி ஊறப்போட்டுவிடு. வந்ததும் நாலு டம்ளர் தண்ணீர் விட்டு, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து இருபது நிமிடம் வை. ஆவி தானாக அடங்கும் வரை மூடியில் கை வைக்காதே. அரிசி மலர்ந்து, ஆனால் முழுசாகக் கிடக்க வேண்டும். உப்பு கடைசியில்.

கஞ்சிக்குச் சிறுபயறுத் துவரன். இதில்தான் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் ஆனேன். ஒரு பிடி பயறை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, உப்புப் போட்டு வேக வை. விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. மூன்று கரண்டி தேங்காய்த் துருவல், கொஞ்சம் சீரகம், ஒரு பச்சைமிளகாய், இரண்டு பல் பூண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி இவற்றை மிக்சியில் ஒரே ஒரு திருப்புத் திருப்பி நிறுத்து. மையாக அரைத்தால் அது சட்னி, துவரன் ஆகாது. தேங்காயெண்ணெயில் கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, நாலைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) போட்டு வதக்கி, பயறையும் தேங்காயையும் சேர்த்துப் பிரட்டினால் முடிந்தது. என் பாட்டி இருந்தால் பிலாவிலையை (பலா இலையை) கோட்டி ஈர்க்குக் குத்திக் கையில் தந்திருப்பாள். கஞ்சியை அதில் கோரிக் குடிக்கும்போது இலையின் பச்சை வாசமும் சேர்ந்து வரும். உனக்கு ஸ்பூன் போதும். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு ஆசையாக இருந்தால் ஊருக்கு வந்து தின்னு. அடுக்குமாடியில் அதைச் சுட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

சோறுதான் வேண்டும் என்ற நாளில் புளிசேரி வை. தடியங்காயை (அங்கே பூசணி என்று விற்பார்கள், வெள்ளையாக இருப்பதை வாங்கு) சிறு துண்டாக நறுக்கி மஞ்சளும் உப்பும் போட்டு வேக வை. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் மூன்றையும் இந்தத் தடவை மையாக அரைத்துச் சேர்த்து ஒரு கொதி விடு. பிறகு தீயை நன்றாகத் தணித்து, கடைந்த புளித்த தயிரை ஊற்று. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். நான் இரண்டு தடவை திரியவிட்டேன். திரிந்ததையும் தின்றேன், யாரிடமும் சொல்லவில்லை. கடுகு, வெந்தயம், வத்தல் மிளகாய் தாளித்துக் கொட்டு. அறைத் தோழனைக் கடைக்கு அனுப்பினால் மிளகாயை நம்மூர்ப் பேச்சில் மிளகு என்று சொல்லி அனுப்பாதே, அவன் நல்லமிளகோடு வந்து நிற்பான்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அங்கே கிடைத்தால் தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. கசக்கும் கிழங்கைத் தொடாதே. சின்ன உள்ளியும் பச்சைமிளகாயும் உப்பும் சதைத்துத் தேங்காயெண்ணெய் விட்டால் அதுவே கறி.

இனிப்பு வேண்டுமென்றால் ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்). தோல் கறுத்துப் புள்ளி விழுந்த பழத்தைத் தோலோடு ஆவியில் பத்து நிமிடம் வேக வை, வட்டமாக அரிந்து நெய்யில் இரண்டு பக்கமும் சிவக்க விடு. தேங்காய்த் துருவலும் வெல்லமும் தூவு. வாரத்துக்கு ஒரு நாள், அதற்கு மேல் வேண்டாம். நம்மூர் வாழைப்பழமான மட்டிப்பழம் அனுப்பச் சொல்லிக் கேட்காதே. நீ பால்குடி மாறாத பிள்ளையாக இருந்தபோது முதலில் தின்றது அதுதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்து அதற்குப் பெயர் வந்துவிட்டது, ஆனால் பார்சலில் வந்து சேர்வதற்குள் கூழாகிவிடும்.

முந்திரிக்கொத்து செய்முறையும் எழுதச் சொல்கிறாள் அம்மா. அரைக் கிலோ சிறுபயறை வறுத்துக் கரகரப்பாகத் திரித்து, ஒரு தேங்காயைத் துருவி ஈரமில்லாமல் சிவக்க வறுத்து, எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்து, வெல்லப்பாகை ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். அரிசிமாவுக் கரைசலில் முக்கி, எண்ணெயில் மூன்று மூன்றாக ஒட்டும்படி போட வேண்டும். பழைய ஆட்களுக்கு முந்திரி என்றால் திராட்சை, அந்தக் குலை போல இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) எங்கே என்று உன் சிநேகிதர்கள் தேட வேண்டாம். தேங்காயில் ஈரம் இல்லாவிட்டால் பத்து நாளைக்கும் கெடாது. ஆனால் இதை நீ தனியாகச் செய்ய நினைக்காதே. ஒருவர் பாகு ஊற்ற, இரண்டு பேர் கை சுடச் சுட உருட்ட, ஒருவர் எண்ணெய்ச் சட்டியில் நிற்க வேண்டும். போன வருடம் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தோம், பாதி மாவு பாறையாகிவிட்டது. கடைசியில் உலக்கையால் உடைத்துத் தின்றோம். லீவு எப்போது என்று எழுது, அதற்குத் தக்கபடி பயறு வாங்குகிறேன்.

உன் குக்கரின் வாசர் பழசு, முதலில் அதை மாற்று. எரிச்சல் விடாவிட்டால் டாக்டரைப் பார். சனிக்கிழமை கஞ்சி வைத்துவிட்டுக் கூப்பிடு. அம்மா கேட்டால் வேறு ஏதாவது பேசு, காலண்டர் கதை அவளுக்கு இன்னும் தெரியாது.

அப்பா